வரிசையில் நிற்காத எண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று.

சொல்லி முடிக்கக் கொஞ்சம் மூச்சு வேண்டும் என்பதைத் தவிர, இந்த எண்ணைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. அந்த ஆண்டு முழுவதும் அது நாள்காட்டியிலும் பள்ளிக்கூடக் கரும்பலகையிலும் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அது எவ்வளவு பெரிய பிடிவாதக்கார எண் என்பது கல்லுமலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் தெரிந்துகொண்டவள் ஐந்தாம் ஆண்டு பவானேஸ்வரி. வீட்டிலும் பள்ளியிலும் அவள் பெயர் பவா.

கல்லுமலை ரப்பர் தோட்டம் மலாக்காவில் நியாலாஸ் என்ற ஊருக்கு உள்ளே, செம்மண் சாலையில் நாலு மைல் போனால் வரும். அங்கே இருந்த தமிழ்ப்பள்ளியில் மொத்தம் நாற்பத்தொரு மாணவர்கள். தலைமையாசிரியர் சாமிக்கண்ணு ஒருநாள் ஒரு கடிதத்தைக் கையில் பிடித்தபடி வகுப்புக்குள் வந்தார்.

"ஜாசின் டேவான் மண்டபத்துல மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கண்காட்சி வைக்கிறாங்க. இது 1993ஆம் ஆண்டு இல்லையா? அதனால ஒவ்வொரு பள்ளியும் தங்கள் ஊர்ல கிடைக்கிற ஏதாவது ஒரு பொருளை, சரியா 1993 கொண்டுவரணும். பார்த்தவுடனே எண்ணிவிடுற மாதிரி அடுக்கி வைக்கணும். ஒன்னு கூடினாலும் புள்ளி இல்ல, குறைஞ்சாலும் புள்ளி இல்ல."

"கடலோரத்துப் பள்ளிக்காரங்க சிப்பி கொண்டு வருவாங்க. நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று அவரே கேட்டார்.

"கொசு இருக்கு சார்" என்றாள் தாரணி.

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டு, "அது வரிசையில நிக்காதும்மா" என்றார்.

அப்போது தகரக் கூரையில் 'டக்' என்று ஏதோ விழுந்து உருண்டது. செப்டம்பர் மாதம். ரப்பர் மரங்களில் காய்கள் வெடித்துக் கொட்டைகள் சிதறிக்கொண்டிருந்த காலம். பவா கையைத் தூக்கினாள்.

"கித்தாக் கொட்டை இருக்கு சார்! வேணுங்கிற அளவுக்கு இருக்கு!"

பவா, தாரணி, திலீபன் மூவரும் பொறுப்பு என்று முடிவானது. எட்டடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு பலகைக்குத் தலைமையாசிரியர் கறுப்புச் சாயம் பூசிக் கொடுத்தார். கொட்டைகளைப் பொறுக்குவது சுலபமாக இருந்தது. இரண்டே மாலையில் ஒரு சாக்கு நிறைந்தது.

எண்ணுவதில்தான் சிக்கல் வந்தது. அந்தக் குவியலைத் திலீபன் எண்ணினான், 2140 வந்தது. தாரணி எண்ணினாள், 2096 வந்தது. பவா எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. எதுவுமே வரவில்லை.

கடைசியில் பவாவின் அம்மா ராமாத்தாள்தான், "இங்க கொண்டாங்க" என்று சாக்கை வாங்கிக்கொண்டார்.

ராமாத்தாள் பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் சாக்கை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்தார். ஒரு கைக்கு ஐந்து கொட்டை. இருபது கை போட்டால் நூறு. ஒவ்வொரு நூறுக்கும் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பேசினார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது மங்குகள் கவிழ்ந்து கிடந்தன. மேலே தொண்ணூற்று மூன்று கொட்டைகள்.

"எடுத்துக்கிட்டுப் போ. சரியா இருக்கு" என்றார். மிச்சக் கொட்டைகளைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் மூவரும் பலகை முன்னால் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் மலாக்காவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். முதலில் ஒட்டாமல் அடுக்கிப் பார்ப்பது, சனிக்கிழமை காலையில் அவர் வந்ததும் பசை போட்டு ஒட்டுவது என்று திட்டம்.

வரிசைக்கு நாற்பது என்று அடுக்கினார்கள். கடைசி வரிசையில் முப்பத்து மூன்றுதான் இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி ஓரத்தில் ஓட்டை. கலைத்தார்கள். வரிசைக்கு முப்பது என்று வைத்தார்கள். கடைசியில் பதின்மூன்று மட்டும் திருதிருவென்று முழித்தது. மறுபடியும் கலைத்தார்கள். முதுகு வலித்தது.

"வரிசைக்கு இருபத்து நாலு வை" என்றான் திலீபன்.

அடுக்க அடுக்க எல்லா வரிசையும் நிறைந்துகொண்டே வந்தது. கடைசி வரிசையும் நிறைந்தது. தாரணி கைதட்டப் போனாள். அப்போதுதான் பவாவின் உள்ளங்கையில் இன்னும் ஒரே ஒரு கொட்டை இருப்பதைப் பார்த்தாள்.

"அட, ஒன்னுதானேலா!" என்றான் திலீபன். "பாரு, எல்லாம் கச்சிதமா வந்துருச்சு. உங்கம்மா ஒன்னு கூட எண்ணிட்டாங்க."

"எங்கம்மா தப்பா எண்ண மாட்டாங்க."

"ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தானே படிச்சாங்க? ஒன்னு ரெண்டு தப்பு வரத்தான் செய்யும்" என்று சிரித்தான்.

திலீபன் கெட்ட பையன் இல்லை. அவனுடைய வாய்தான் அவனைவிட நாலடி முன்னால் நடக்கும். அவன் அப்பா தோட்டத்துக் கிராணி. ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவர். அதனால் எண்களெல்லாம் தன் வீட்டுச் சொத்து என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

அவன் அந்தக் கொட்டையைப் பவாவின் கையிலிருந்து எடுத்து, சன்னல் வழியாக லாலான் புல்லுக்குள் வீசினான்.

"முடிஞ்சது வேலை. பவா, நீ கார்டு எழுதிக் கொண்டு வா. வரிசை எத்தனைன்னு எண்ணிப் போட்டுரு."

பவா வரிசைகளை எண்ணினாள். எண்பத்து மூன்று. குறித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் திலீபன் சொன்னது காதுக்குள் உறுத்தியது. இருக்குமோ? அன்றைக்குப் பக்கத்து வீட்டு முனியாயி அத்தை வந்து பேசிக்கொண்டே இருந்தாரே, அப்போது ஒன்று தவறியிருக்குமோ?

அம்மா பின்கட்டில் பட்டை கீறும் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பவா வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"அம்மா, நீங்க ஒழுங்காத்தான் எண்ணினீங்களா?"

உளி நின்றது.

"ஏன்?"

"ஒன்னு அதிகமா இருக்கு. எல்லாரும் சிரிக்கிறாங்க."

சிரித்தது திலீபன் ஒருவன்தான். ஆனால் அந்த நேரத்துக்குப் பவாவுக்கு எல்லோரும் சிரித்த மாதிரி இருந்தது.

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருபது வருஷமா தினமும் ஐந்நூறு மரம் வெட்டுறேன். ஒரு மரத்தை விட்டேன்னு கங்காணி ஒருநாளும் சொன்னதில்ல" என்றார். "சொந்த மக சொல்லிட்டா."

மறுபடி உளியைத் தீட்ட ஆரம்பித்தார். பவா உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். கார்டையாவது எழுதி முடிக்கலாம் என்று பென்சிலை எடுத்தாள்.

வரிசைக்கு 24. மொத்தம் 83 வரிசை. கீழே விடையையும் எழுதினால் அழகாக இருக்கும். பெருக்கினாள்.

1992.

பென்சிலை வைத்துவிட்டு மறுபடி பெருக்கினாள். அதே 1992தான் வந்தது.

அப்படியென்றால் பலகையில் இருப்பது 1992. கையில் மிஞ்சிய அந்த ஒன்றையும் சேர்த்தால்தான் 1993. திலீபன் புல்லுக்குள் வீசியது கூடுதல் கொட்டை இல்லை. அம்மா எண்ணிக் கொடுத்த கடைசிக் கொட்டை!

பவா துள்ளி எழுந்து ஓடினாள்.

"அம்மா! நீங்க சரியாத்தான் எண்ணியிருக்கீங்க!"

"எனக்குத்தான் தெரியுமே" என்றார் அம்மா, திரும்பாமலே.

பவா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னோடதுதான்."

அம்மா உளியைக் கீழே வைத்தார். பிறகு ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தட்டினார். "சரி, விடு. கொட்டை சரியா இருக்கு, வரிசை சரியா வரல. இப்ப என்ன பண்ணப் போற?"

நல்ல கேள்வி. பவா மறுபடி நோட்டைத் திறந்தாள். வரிசைக்கு எத்தனை வைத்தால் 1993 மிச்சமில்லாமல் அடங்கும்? இரண்டால் வகுத்தாள், ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தாள், ஒன்று மிஞ்சியது. ஏழால் வகுத்தால் ஐந்து, பதினொன்றால் இரண்டு, பதின்மூன்றால் நான்கு. இருபத்து மூன்று, முப்பத்தொன்று, முப்பத்தேழு என்று போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றிலும் ஏதாவது மிஞ்சி அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

நாற்பத்து நான்கோடு நிறுத்திவிட்டாள். நாற்பத்தைந்து வரிசை, வரிசைக்கு நாற்பத்தைந்து என்று வைத்தாலே 2025 ஆகி, 1993ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் வரிசை நீளமாக இருந்தால், வரிசைகளின் எண்ணிக்கை நாற்பத்தைந்துக்குள்தான் இருக்க வேண்டும். அதையெல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. இனி வழியே இல்லை.

சனிக்கிழமை காலையில் பவா பள்ளிக்கு ஓடியபோது திலீபன் பசை டின்னைத் திறந்துகொண்டிருந்தான்.

"ஒட்டாத! நில்லு!"

"என்னலா?"

"இருபத்து நாலையும் எண்பத்து மூனையும் பெருக்கு."

திலீபன் தரையிலேயே சாக்கட்டியால் பெருக்கினான். விடை வந்தது. அவன் காது இரண்டும் சிவந்தன. அதைப் பார்த்துத் தாரணி, "உன் காதுல பப்பாளி பழுத்திருக்கு" என்றாள்.

அதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார். பவா தன் நோட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வகுத்தலாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"இத்தனையும் நீயே வகுத்துப் பார்த்தியா? இது பகா எண்ணும்மா! ஒன்னாலயும், தன்னாலயும் மட்டும்தான் வகுபடும். வேற யார் வந்து கேட்டாலும் பங்கு போகாது. எனக்கே இது தோணலையே!"

"அப்போ வரிசையா நிக்கவே நிக்காதா சார்?"

"நிக்கும். ஒரே வரிசையா நிக்கும். 1993 கொட்டையும் நேர்கோட்டில."

தாரணி கையால் அளந்து பார்த்தாள். "அதுக்கு அம்பது மீட்டர் பலகை வேணும் சார். ஜாசின் டேவான் சுவரை இடிச்சாத்தான் உள்ள போகும்."

தலைமையாசிரியர் யோசித்தார். "அந்த ஒன்னைத் தனியா ஓரத்துல ஒட்டிடலாமா?"

"வேணாம் சார்" என்றாள் பவா, சட்டென்று. "அப்படி வச்சா, பார்க்கிறவங்க எண்ணத் தெரியாம ஒன்னு மிஞ்சிப்போச்சுன்னுதான் நினைப்பாங்க."

எங்கம்மாவைத்தான் அப்படி நினைப்பாங்க என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. ஆனால் திலீபன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒன்று மிஞ்சினால் அது தப்பு மாதிரி தெரிகிறது. நிறைய மிஞ்சினால்? மிஞ்சியதெல்லாம் சேர்ந்து தனியாக ஒரு கட்டமாக நின்றால்? அப்போது அதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? பவா குனிந்து தரையில் எழுத ஆரம்பித்தாள்.

நாலு பக்கமும் சமமான பெரிய கட்டம். 44 வரிசை, வரிசைக்கு 44. பெருக்கினால் 1936. மிச்சம் 57. அதையும் சதுரமாக அடுக்கினால் ஏழு ஏழு நாற்பத்தொன்பது. மறுபடி எட்டு மிஞ்சியது. சீ!

ஒன்றைக் குறைத்தாள். 43 வரிசை, வரிசைக்கு 43. பெருக்கினால் 1849.

1993இல் 1849 போனால்...

"நூற்று நாற்பத்து நாலு" என்று முணுமுணுத்தாள் பவா.

"பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு!" என்று கத்தினாள் தாரணி. வாய்ப்பாட்டில் அவளுக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அதோடு வாய்ப்பாடு முடிந்துவிடும்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய சதுரம் ஒன்று. சின்னச் சதுரம் ஒன்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

"அம்மாவும் பிள்ளையும் மாதிரி இருக்கும்" என்றார் தலைமையாசிரியர்.

திலீபன் எழுந்து வெளியே ஓடினான். லாலான் புல்லுக்குள் முழங்கால் போட்டுக் கால் மணி நேரம் தேடினான். புல் கீறிய கையோடு திரும்பி வந்து ஒரு கொட்டையை நீட்டினான்.

"இதுதான் நான் வீசினதா, வேற கொட்டையான்னு தெரியல. ஆனா நல்ல கொட்டை."

மாலையில் பவாவோடு அவள் வீட்டுக்கும் வந்தான். ராமாத்தாள் முன்னால் நின்று, "அத்தே, நீங்க எண்ணினதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு" என்று ஒரே மூச்சில் சொன்னான். அம்மா அவனுக்கு இரண்டு அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லாரியில் பாதித் தோட்டமே ஜாசினுக்குக் கிளம்பியது. "எனக்கு அங்க என்ன வேலை?" என்று ராமாத்தாள் முதலில் மறுத்தார். பிறகு பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்.

டேவான் நிறையப் பலகைகள். தேங்காய் ஓடு, பாக்கு, மரத் துண்டு, சிப்பி என்று என்னென்னவோ. கல்லுமலைப் பலகையின் கறுப்பில் பழுப்புக் கொட்டைகள் பளபளத்தன. கீழே பவா எழுதிய கார்டு இருந்தது.

பொருள்: ரப்பர் கொட்டை. எண்ணியவர்: ராமாத்தாள்.

கையில் கால்குலேட்டரோடு ஓர் அதிகாரியம்மா வந்து நின்றார்.

"எல்லாரும் ஒரே கட்டமா வச்சிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் ரெண்டு?"

பவா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"1993 ஒரு பகா எண் டீச்சர். எப்படி அடுக்கினாலும் ஒரே கட்டத்துல அடங்காது, ஏதாவது மிஞ்சும். ஆனா ரெண்டு சதுரமா அழகா நிக்கும். 43 வரிசை, வரிசைக்கு 43. 12 வரிசை, வரிசைக்கு 12. நீங்களே எண்ணிப் பாருங்க."

அதிகாரியம்மா பெரிய சதுரத்தின் இரண்டு ஓரத்தையும் எண்ணினார். சின்னதையும் எண்ணினார். கால்குலேட்டரைத் தட்டினார். ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு முறையும் தட்டினார்.

"சரியா இருக்கு!" என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "யாரு இந்த ராமாத்தாள்? உங்க டீச்சரா?"

"எங்கம்மா" என்றாள் பவா. "பால்மரம் வெட்டுறாங்க."

"எங்க தோட்டத்துலேயே நல்லா எண்ணுறவங்க இவங்கதான்!" என்று பின்னாலிருந்து டேவான் முழுக்கக் கேட்கும்படி கத்தினான் திலீபன். அவனுடைய வாய் அன்றைக்கும் நாலடி முன்னால்தான் நடந்தது. ஆனால் நல்ல திசையில் நடந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமாத்தாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"இத்தனையும் நீங்களா எண்ணினீங்க? நடுவுல தடுமாறலையாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"தினமும் ஐந்நூறு மரத்தை நடந்து நடந்து எண்ணுறேங்க. இது மடியிலயே கிடக்குது. இதுல என்னங்க தடுமாற்றம்?"

அதிகாரியம்மா சிரித்தபடி தன் தாளில் பெரிதாக ஒரு சரி போட்டார். அந்தச் சரி பலகைக்குப் போட்டதாகப் பவாவுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கே போட்ட மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். பக்கத்துப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அது கடலோரத்துப் பள்ளியின் சிப்பிப் பலகை. வெள்ளைச் சிப்பிகள், ஒரே கட்டம், கடைசி வரிசைவரை கச்சிதம். அதைச் செய்த மூன்று சின்னப் பிள்ளைகள் அதிகாரிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் கண் பலகையின் மேல் ஓரத்தில் ஒருமுறை ஓடியது, பக்கத்து ஓரத்தில் ஒருமுறை இறங்கியது. மரங்களுக்கு நடுவே நடக்கும்போது இருக்கும் அதே பார்வை.

"பவா, இங்க வா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "நாற்பது வரிசை, வரிசைக்கு ஐம்பது வச்சிருக்காங்க. ஏழு கூட இருக்குது. அதிகாரியம்மா இங்க வர்றதுக்குள்ள போய் அந்தப் பிள்ளைங்க காதுல சொல்லிட்டு வா. பாவம்."

பவா ஓடினாள். திரும்ப எண்ணிப் பார்க்கவில்லை.